பனிநிலத்துப் பழங்குடில்கள்

உலகின் தென்கோடியில், புல்லும் மரமும் காணாத ஒரு கருநிறக் கடற்கரையின்மீது, பலகையாலாகிய நீண்டதொரு குடில் நிற்கின்றது. ஆண்டில் ஏறக்குறைய நான்கு திங்கள் ஆங்கே கதிரவன் தலைகாட்டுவதில்லை. கதவைத் திறந்து உட்புகுவாரைக் கடல்நாய்க் கொழுப்பின் பழநாற்றம் எதிர்கொள்ளும். நடுவே ஒரு நெடிய மேசை. இருமருங்கும் படுக்கைப் பலகைகள். அடுக்களைப் புறத்தே தகரக் குவளைகளும் உணவுப் பேழைகளும். மற்றொரு மூலையில் ஆராய்ச்சிக்குரிய கண்ணாடிக் குப்பிகள். ஒரு மேசைமேல் அறுத்துப் பார்ப்பதற்கென வைக்கப்பட்ட பெரிய பெங்குவின் பறவையொன்றின் உடல். அங்கு உறைவோர் சற்றே வெளியே சென்றுளர், இன்னுஞ் சிறிது நேரத்தில் மீள்வர் எனவே காண்போர் கருதுவர். அவர் சென்று நூறாண்டுக்கு மேலாயிற்று.

இஃது அண்டார்க்டிகாக் கண்டத்தை அடுத்த ராஸ் தீவில், எவான்ஸ் முனையில் உள்ள ஸ்காட் தலைவரின் குடில். 1911ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 50 அடி நீளமும் 25 அடி அகலமுமாக அமைக்கப்பெற்றது. அவ்வாண்டின் மாரிக்காலத்தை 25 பேர் இதனுள்ளே கழித்தனர். இதன் வாயிலினின்றே அவ்வாண்டு நவம்பரில் ஸ்காட் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். 1912 ஜனவரி 17ஆம் நாள் அவரும் தோழர் நால்வரும் துருவத்தை அடைந்தனர்; நார்வே நாட்டு அமுண்ட்சென் தமக்கு முன்னரே அங்கு வந்து சென்றதைக் கண்டனர்; மீளும் வழியில் ஐவரும் மாண்டனர்.

இத்தகைய குடில்களைப் பேணுதற்கு அயல்நாட்டார் எடுத்துவரும் முயற்சியை ஒருநாள் மாலையில் எம் விடுதி நண்பர்பால் எடுத்துரைத்தோம். அவருள் ஒருவர், “உளுத்த பலகைக்கு இத்துணை ஆரவாரமா? பனி மூடுமாயின் மூடட்டுமே!” என்றார். மற்றையோர் நகைத்தனர். யாம் அப்பொழுது தக்க விடை கூற இயலாது வாளா இருந்தோம். பின்னர்ப் பலகால் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. நண்பரின் வினா எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அதற்கு விடை உண்டென்பதே எம் கருத்து.

ராஸ் கடற்பகுதியில் இத்தகைய வீரர் குடில்கள் அமைந்த இடங்கள் நான்கு. முதலாவது அடேர் முனை. பார்ச்கிரெவிங் என்பார் 1899இல் நார்வேயிலிருந்து கொணர்ந்த மரங்களைப் பொருத்தி ஆங்கே குடில்களை எழுப்பினார். அக்கண்டத்தில் மாந்தர் அமைத்த முதற் கட்டடங்கள் அவையே, இன்றும் நிற்கின்றன. ஆசியாவிலேனும் ஐரோப்பாவிலேனும் மாந்தர் முதன்முதற் கட்டிய வீடு இது என எவரேனும் காட்டவல்லரோ? ஒரு முழுக் கண்டத்தின் முதல் இல்லத்தைச் சுட்டிக் காட்டக்கூடிய இடம் இவ்வுலகில் இஃதொன்றே. இரண்டாவது, 1902இல் ஸ்காட்டின் முதற் பயணத்தார் அமைத்த குடில். அதனாலேயே அவ்விடம் குடில் முனை எனப் பெயர் பெற்றது. மூன்றாவது, 1908இல் ஷாக்கில்டன் என்பார் ராய்ட்ஸ் முனையில் அமைத்தது. 15 பேர் மாரிக்காலம் தங்கியது. நான்காவது மேலே கூறிய எவான்ஸ் முனைக் குடில்.

ராய்ட்ஸ் முனைக் குடிலைப் பற்றி இம்மலரைப் படிப்போர் சிறப்பாக அறியவேண்டுவதொன்று உண்டு. அச்சு இயந்திரமொன்றை ஷாக்கில்டன் தம்முடன் கொண்டு சென்றிருந்தார். 1908ஆம் ஆண்டின் நீண்ட இருளில், நெருங்கி அடைந்த அச்சிறு குடிலினுள்ளே, அவருடைய தோழர்கள் ‘அரோரா ஆஸ்திராலிஸ்’ என்னும் நூலைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டுத் தாமே கட்டடஞ் செய்தனர். குளிரால் மை இறுகிவிடும். அதன் தகட்டின்கீழ் மெழுகுவர்த்தி ஏற்றி இளக்கிக்கொள்வர். மேலட்டைக்கு உணவுப் பேழைகளின் பலகைகளையே அறுத்து இழைத்துக்கொண்டனர். அண்டார்க்டிகாவில் அச்சேறிய முதல் நூல் அதுவே. ஆண்டுதோறும் மலர் வெளியிடுவதற்குக் கட்டுரை வரவில்லை, அச்சகத்தார் காலந்தாழ்த்தனர் என வருந்தும் நாம், அம்மெழுகுவர்த்தியை நினைத்துச் சிறிது நாணுதல் தகும்.

நிற்க. ‘குளிரிற் பொருள் கெடாது, ஆதலின் அக்குடில்களுக்குக் காவல் எதற்கு?’ எனச் சிலர் வினவலாம். அற்றன்று. குளிர் அழிவைத் தாழ்த்துமேயன்றித் தடுக்காது. பெருங்காற்று பனித்துகளையும் மணலையும் வாரி எறிந்து பலகையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றது. சுவரோரம் குவிந்த பனி கூரைமட்டும் உயர்ந்து கட்டடத்தை நெருக்குகின்றது. கோடையில் அப்பனி உருகி, நீர் தரையின்கீழ்ப் புகுந்து மீண்டும் உறைகின்றது. உறையுந்தோறும் விரிந்து தரையை மேலே தூக்குகின்றது. உள்ளே ஈரம் தங்கவே, பூஞ்சணம் மரத்தை மெல்லத் தின்கின்றது. கடலுப்பு ஒட்டிய தகரப் பேழைகள் துருவேறித் துளைபடுகின்றன. இவற்றோடு, அடையாளப் பொருளென ஒவ்வொன்றாய் எடுத்தேகிய மாந்தரின் கையும் முற்காலத்தே சேர்ந்துகொண்டது. இயற்கை நூறாண்டிற் செய்யும் கேட்டைப் பேராசை ஒரு கோடையிற் செய்துவிடும்.

1960-61ஆம் ஆண்டுக் கோடையில் நியூசிலாந்து நாட்டார் ஷாக்கில்டன் குடிலிலும் எவான்ஸ் முனைக் குடிலிலும் இறுகிக் கிடந்த பனியை வெட்டி அகற்றினர். 1987இல் அந்நாட்டிலேயே அண்டார்க்டிக் மரபுக் காப்பு அறநிலையம் தோன்றியது. 2002 முதல் அந்நிலையத்தார் இக்குடில்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செப்பனிடத் தொடங்கினர். அவர் செய்யும் முறை போற்றத்தக்கது. கெட்ட பலகைக்கு ஈடாக அதனை ஒத்த பலகையையே பொருத்துவர், நல்லதைத் தொடார். உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளையும், அது கிழிந்த காலுறையாயினும் வெறுங் குப்பியாயினும், இருந்த இடங் குறித்துப் பதிந்து, எடுத்துச் சென்று துருவும் ஈரமும் போக்கி, மீண்டும் அவ்விடத்தே வைப்பர். எவான்ஸ் முனைக் குடிலில் மட்டும் இவ்வாறு பேணப்பட்ட பொருள்கள் 10,000க்கு மேற்பட்டவை. கதிரவனில்லா மாரிக்காலத்திலும் அறிஞர் சிலர் அருகிலுள்ள நியூசிலாந்து நிலையத்தில் தங்கி இத்தொண்டை ஆற்றினர்.

இனி, இம்முயற்சிக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

‘அங்கு நிகழ்ந்தவையெல்லாம் நூல்களில் எழுதப்பட்டுவிட்டன, குடில் எற்றுக்கு?’ என்பர் ஒரு சாரார். நூல் எழுதினோர் உலகறிய விரும்பியவற்றைக் கூறும். குடிலோ அவர் எழுத நினையாதனவற்றையும் கூறும். எடுத்துக்காட்டொன்று காண்க. ஸ்காட் குடிலில் வாழ்ந்தோரின் தோழமையை நூல்கள் பலபடப் புகழ்கின்றன, அது பொய்யன்று. ஆயினும் அக்குடிலின் நடுவே உணவுப் பேழைகளை அடுக்கி ஒரு தடுப்பு எழுப்பினர். அதற்கு ஒருபுறம் தலைவரும் அறிஞரும். மறுபுறம் ஏவலாளரும் மாலுமிகளும். மரணத்தின் வாயிலிலும் மாந்தர் மேல் கீழ் என்னும் சுவரைத் தூக்கிக்கொண்டே செல்வர் என்பதை அப்பேழைகள் வாய்திறவாமற் சொல்கின்றன. பந்தியிலே இலைக்கு இலை வேறுபாடு பார்த்துப் பழகிய நாட்டிற் பிறந்த நாம் அதனைக் கண்டு வியத்தற்கில்லை, வருந்துதற்கு இடமுண்டு.

இன்னும், குடில்கள் தம் செய்திகளை முழுதும் சொல்லி முடிக்கவில்லை. 1915இல் ஷாக்கில்டனின் மற்றொரு பயணத்தைச் சார்ந்த பத்துப்பேர், தம் கப்பலைப் புயல் அடித்துச் செல்ல, எவான்ஸ் முனையிற் சிக்கினர். கண்டத்தின் மறுபுறத்தினின்று கடந்து வரும் ஷாக்கில்டனுக்கு வழிநெடுக உணவு வைத்தல் அவர்க்கு இட்ட பணி. போதிய உடையும் கருவியுமின்றி, முன்னோர் விட்டுச்சென்ற எச்சங்களைக் கொண்டே அப்பணியை முடித்தனர். ஷாக்கில்டனோ வரவேயில்லை, அவருடைய கப்பல் மறுபுறத்துக் கடலிற் பனியால் நசுக்குண்டு 1915இலேயே மூழ்கிவிட்டது. வாராத ஒருவருக்காக வைத்த உணவின் விலை மூன்று உயிர். அவருள் ஒருவர் ஸ்பென்சர் ஸ்மித் என்னும் குருவானவர். 1916 மார்ச்சில், தோழர்கள் வண்டியிற் கிடத்தி இழுத்துவரும் வழியில் உயிர்நீத்தார். ஏனை இருவர், மக்கின்டாஷும் ஹேவர்டும், அவ்வாண்டு மே மாதத்தில் மெல்லிய கடற்பனிமீது நடந்து சென்று மறைந்தனர். எஞ்சினோருள் ரிச்சர்ட்ஸ் என்னும் இளைஞர், தம் படுக்கையருகே சுவரில் அம்மூவர் பெயரையும் எழுதிவைத்தார். அப்பொழுது அவர்க்கு 22 அகவை. நம்மினும் சிறிதே மூத்தவர். அவ்வெழுத்து இன்றும் அச்சுவரில் உள்ளது.

அக்கூட்டத்தார் எடுத்த ஒளிப்படங்கள் 22, தம்முள் ஒட்டிக்கொண்ட ஒரு கட்டியாக, அக்குடிலின் இருட்டறையில் ஏறத்தாழ நூறாண்டு எவர் கண்ணுக்கும் படாமற் கிடந்தன. 2013இல் அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்து உலகறிய வெளியிட்டனர். அவ்வாறே 2016இல் அடேர் முனையில், பூஞ்சணம் பிடித்த தாள்களின் நடுவே, ஸ்காட்டுடன் மடிந்த மருத்துவர் வில்சன் 1899இல் வரைந்த சிறுபறவை ஓவியமொன்று வண்ணங் கெடாது கிடைத்தது. ‘பனி மூடட்டுமே’ என விட்டிருப்பின் இவையெல்லாம் சேற்றொடு சேறாயிருக்கும். ஆதலின் நூல் போதும் என்னும் கூற்று நில்லாது.

‘அங்ஙனமாயின் பெயர்த்துக்கொணர்ந்து அருங்காட்சிச் சாலையில் வைத்துப் பலரும் காணச் செய்யலாமே’ என்பர் மற்றொரு சாரார். பலரும் காண்டல் நன்றே. அதற்கு வேறு வழியுண்டு. மாசன் என்பார் 1912இல் அமைத்த குடிலைப் போன்றதொரு படிக்குடிலை ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் 2013இல் அமைத்துளர். அங்கே எவரும் செல்லலாம். மெய்க்குடிலோ தன் இடத்தே இருத்தல் வேண்டும். என்னை? எவான்ஸ் முனையிற் பலகணி வழியே தோன்றும் கடலே மக்கின்டாஷை விழுங்கிய கடல். அச்சுவரில் வந்து மோதும் காற்றே ஸ்காட்டைக் கொன்ற காற்று. பெயர்த்து வைத்தால் பலகை எஞ்சும், பொருள் எஞ்சாது. இது தொடர்பாக ஒரு செய்தி உண்டு. மதுவிலக்கைப் பேசும் யாம் அதனை எடுத்துரைத்தல் நகைப்பிற்கு இடமாகலாம், ஆயினும் கூறுதும். ஷாக்கில்டன் குடிலின் தரைக்கடியில் உறைந்து கிடந்த விஸ்கிப் பேழைகள் சிலவற்றை 2010இல் தோண்டி எடுத்தனர். அவற்றுள் மூன்று புட்டிகள் ஆராய்ச்சிக்கென 2011இல் ஸ்காட்லாந்து சென்றன. ஆராய்ச்சி முடிந்தபின், அவற்றை எவரும் ஏலமிடவில்லை. 2013இல் மீண்டும் அண்டார்க்டிகாவுக்கே அனுப்பினர். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் இவ்வொழுக்கம் நம் நூலகத்திலும் பரவுமாக.

‘அந்நிலம் மாசற்றது; மாந்தர் விட்டுச்சென்ற குப்பையை ஆங்கே ஏன் போற்றவேண்டும்?’ என்பார் கூற்று இவற்றினும் வலியுடையது. 1991இல் நாடுகள் கூடிச் செய்த சுற்றுச்சூழற் காப்பு உடன்படிக்கை, கைவிட்ட நிலையங்களின் கழிவை அகற்றல் கடன் என விதிக்கின்றது. வரலாற்றுச் சின்னமெனக் குறிக்கப்பட்டவற்றுக்கே விலக்கு அளிக்கின்றது. இவ்விதி சாலவும் நன்று. பின்னாளில் விமானமும் எண்ணெயும் கொண்டு சென்றோர் எறிந்த ஒவ்வொரு பீப்பாயும் சின்னமாகிவிடாது. முதன்மை, அருமை, உண்மைச் சான்று என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த சிலவற்றையே காத்து, ஏனையவற்றை அகற்றல் வேண்டும். நான்கு குடில்களைக் காத்தலால் ஒரு கண்டத்தின் தூய்மை கெட்டுவிடாது.

இனி, எம் நண்பரின் நெஞ்சில் இருந்தது ஏழைகளைப் பற்றிய எண்ணம் என யாம் அறிவோம். பசித்தார் பலரிருக்கப் பலகைக்குப் பொருள் செலவிடுதல் முறையோ என்பதே அவர் கருத்து. இது நேர்மையான வினா. இதற்கு முழு விடை எம்மிடம் இல்லையென ஒப்புகின்றோம். ஆயினும் இரண்டு கூறுவோம். பழம்பொருளைக் கைவிட்ட நாடு அதனால் மிஞ்சிய பொருளை ஏழைகட்கு ஈந்தது என யாம் எவ்வரலாற்றிலும் படித்ததில்லை. இரண்டையும் மறந்த நாடுகளே பல. மேலும், காலத்தே செய்யும் சிறுகாவல் செலவு குறைந்தது. விட்டுவிட்டுப் பின் மீட்பதே பெருஞ்செலவு. கூரையில் ஓர் ஓடு பெயர்ந்த அன்றே மாற்றுவோன் வீடு நிற்கும் என்பதை நம் பாட்டியரும் அறிவர்.

இவை ஆங்கிலேயப் பெருமையின் சின்னங்களல்லவோ, நமக்கு யாது தொடர்பு என்பாரும் உளர். தொடர்பு உண்டு. ஸ்காட்டின் பயணத்திற்கென இந்திய அரசாங்கத்தார் கோவேறு கழுதைகள் ஏழு அனுப்பினர். குலாப், பேகம், ராணி, பியாரி, லால்கான், அப்துல்லா, கான்சாகிப் என்பன அவற்றின் பெயர்கள். 1912 அக்டோபர் இறுதியில் ஸ்காட்டைத் தேடிப் புறப்பட்ட கூட்டத்துடன் அவை பனியிற் சென்றன. நவம்பர் 12ஆம் நாள் அக்கூட்டத்தார் இறந்தோரின் கூடாரத்தைக் கண்டனர். குடிலின் வடபுறத்துத் தொழுவம் இன்றும் உள்ளது. அன்றியும், 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை அந்நிலத்தைப் பற்றிய உரிமை வழக்குகளை நிறுத்திவைத்தது. 1983இல் இந்தியாவும் அதிற் சேர்ந்தது. அவ்வாண்டு நம்மவர் அமைக்கத் தொடங்கிய தட்சிண கங்கோத்திரி நிலையம் சில ஆண்டுகளிற் பனியிற் புதைந்து கைவிடப்பட்டது. 1982 ஜனவரியில் அக்கரையில் இறங்கிய முதல் இந்தியக் குழுவினரின் பெயர் பொறித்த பலகை, உடன்படிக்கை நாடுகளின் வரலாற்றுச் சின்ன வரிசையில் 44ஆம் எண் பெற்றுளது. ஸ்காட் குடிலின் எண் 16. ஒரே வரிசையில் நம் பெயரும் நிற்கையில், ‘நமக்கென்ன’ என்று கூறல் எங்ஙனம்? 2024 மே திங்களில் அந்நாடுகளின் பேரவை நம் அண்டைய கொச்சி நகரிலேயே கூடியது என்பதும் நினைக்கத்தக்கது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஒன்று: குடில்களைப் புதுக்கி அழகு செய்தல் கூடாது, கெடாமற் காத்தலே போதும். இரண்டு: காணச் செல்வோர் தொகையை இறுக வரையறுத்தல் வேண்டும், ஒவ்வொருவர் காலணியிலும் பனியும், மூச்சிலும் ஈரமும் உட்புகுகின்றன. யாம் என்றேனும் அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறினும் இவ்வரையறையையே வேண்டுவோம். மூன்று: காவற்பொறுப்பை நியூசிலாந்தின் தோளிலேயே விட்டுவிடாது, உடன்படிக்கை நாடுகள் யாவும், நம் நாடு உட்பட, அறிஞரும் பொருளும் உதவல் வேண்டும். நிலம் வெப்பமுற்று வருகின்றது. சுவீடன் நாட்டார் 1902இல் ஸ்னோ ஹில் தீவில் அமைத்த குடிலின் அடிநிலம் இளகிச் சரிந்துவருகின்றது. காலந்தாழ்த்தற்கு இடமில்லை.

முடிவாக ஒன்று. துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்செனின் குடில் இன்று எங்கே? அவர் அதனைக் கடலின்மேல் மிதக்கும் பனித்தட்டின்மீது அமைத்தார். அத்தட்டு உடைந்து கடலோடு போயிற்று. வென்றவர் வீடு இல்லை. தோற்று மடிந்தவர் பாறைக்கரையில் அமைத்த வீடு நிற்கின்றது. கற்பாறைமேல் வீடு கட்டினவனைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எமக்கு இது வியப்பன்று. ஆனால் பாறைமேல் நின்ற வீட்டிற்கும் கூரை வேயக் கை வேண்டும். அக்கைகளைக் குறைகூறாது வாழ்த்துவோம். இயலுமாயின் நம் கையையும் நீட்டுவோம். வாராத தலைவனுக்காக உணவு சுமந்து மாண்ட மூவர் பெயர் அச்சுவரினின்று அழியாதிருப்பதாக.